படகோட்டியின் முதுகு

என் தங்கை லுடிவினா மனலஸ்தாஸ் எதையெல்லாம் ஜெயித்தாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திக்குவாயை ஜெயித்தாள். எங்கள் ஊர் சாந்தா உர்சுலாவின் அரசுப் பள்ளியிலிருந்து அந்த வருஷம் மணிலாவில் படிக்க உதவித்தொகை வாங்கியவள் அவள் ஒருத்திதான். அந்தத் தேர்வுக்கு அவள் போட்டுக்கொண்டு போனது என் செருப்பு, முன்பக்கம் பஞ்சு அடைத்து. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் இங்கிலீஷ் படித்த பெண்களை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்த ஒரு விளம்பரக் கம்பெனியில் எங்கள் தகாலோக் மொழியிலேயே பேசி வேலை வாங்கினாள். பெயர் தெரியாமல் கிடந்த ஒரு சோயா சாஸை வீடு வீடாக ஏற்றினாள். முப்பது வயதில் அந்தக் கம்பெனியில் விளம்பரம் எழுதும் பிரிவுக்குத் தலைவியானாள். இரண்டு முறை தேர்தலில் தோற்ற லியாந்த்ரோ சமனியேகோவை மக்களவைக்கு அனுப்பினாள்.

கடைசியில் சொன்னதை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று என் மனைவி கேட்கிறாள். ஜெயித்தது ஜெயித்ததுதான். சேர்க்கிறேன்.

நான் அவளுக்கு மூத்தவன், பெயர் சேயோங். மார்க்கெட்டில் ஐஸ்பெட்டியும் ஃப்ரிட்ஜும் ரிப்பேர் செய்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எழுதுவதில் வார்த்தை முன்பின் இருக்கலாம், நடந்தது முன்பின் இருக்காது.

அப்பா இறந்த பிறகுதான் லுடிக்குத் திக்க ஆரம்பித்தது. நீளமாக எதையாவது ஆரம்பித்தால் பாதி வழியில் வண்டி நின்றுவிடும். வகுப்பில் சிரிப்பார்கள். அவள் அழவில்லை, வாக்கியத்தைச் சின்னதாக்கிக்கொண்டாள். "நானாய், பசி." "கூயா, மழை வருது." அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு அவ்வளவுதான் சொல்வாள். பதினைந்து வயதில் திக்கல் போயிற்று. சின்ன வாக்கியம் போகவில்லை. மணிலாவில் பிற்பாடு அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். "ஒரு சொட்டு விடு. எல்லாரும் வருவாங்க." சோயா சாஸுக்கு அவள் எழுதியது இவ்வளவே. என் மனைவி இன்றும் கடையில் போய், "அந்த எல்லாரும்-வருவாங்க ஒரு பாட்டில் குடு" என்றுதான் கேட்கிறாள்.

1995 வெள்ளத்தில் லுடி ஊரில் இல்லை, மணிலாவில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் நானும் பள்ளிக்கூடக் கூரைமேல் இருந்தோம். கூரை முழுக்க எங்கள் தெரு ஆட்கள். விடிந்தபோது தண்ணீர் ஜன்னலைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் தெபான் வந்தான்.

எஸ்தேபான் லக்சமானா என் மகளுக்கு ஞானத்தகப்பன், அதனால் நாங்கள் ஒருவரையொருவர் பாரே என்று கூப்பிடுவோம். சமனியேகோ குடும்பத்தின் மீன் குட்டைகளுக்கு அவன் காவல்காரன். முதலாளியின் தட்டைப்படகு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி பெரிய வீட்டில். பூட்டைக் கடப்பாறையால் உடைத்துப் படகை எடுத்துக்கொண்டு வந்தான். அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினான். கடைசி ஆள் இறங்கும்வரை போய்ப்போய் வந்தான். அவன் இல்லாத நேரத்தில் குட்டையின் மதகு உடைந்து மீனெல்லாம் ஆற்றோடு போய்விட்டது. தண்ணீர் வடிந்ததும் பெரிய சமனியேகோ அவனை வேலையிலிருந்து நீக்கினார். பூட்டை உடைத்துப் படகைத் திருடினான் என்று ஊர்த் தலைவரிடம் புகாரும் கொடுத்தார். புகாரைப் பிற்பாடு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வார்த்தையை யாரும் திரும்ப வாங்கவில்லை. எந்தக் குட்டைக்காரரும் அவனை மறுபடி காவலுக்கு வைக்கவில்லை. ஆற்றில் மணல் அள்ளிப் பிழைத்தான். முதலாளியின் மகன் லியாந்த்ரோ அந்தச் சமயம் ஊரிலேயே இல்லை.

லுடி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையைக் கேட்பாள். நானும் சொல்வேன். சோறு ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

2006 கடைசியில் ஒரு நாள் கடைக்குப் போன் செய்தாள்.

"கூயா, அந்தப் படகு யாரோடது?"

"சமனியேகோ வீட்டுப் படகுதான். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். ஒரு தடவை உறுதிப்படுத்திக்கிறேன்."

"எதுக்கு?"

"வேலை வந்திருக்கு."

சோயா சாஸுக்கும் ஷாம்புக்கும் கூட்டம் போடுகிற அதே அறையில், அதே நாற்காலிகளில், அதே ஆட்கள் லியாந்த்ரோவுக்காக உட்கார்ந்தார்கள். பலகையில் அவர் பெயரைக்கூட எழுதவில்லையாம், "பொருள்" என்று எழுதியிருந்தார்களாம். பொருளின் பலம், பொருளின் குறை, போட்டிப் பொருள். லுடியின் முதலாளி சார் போன்சோ, "ரெண்டு தடவை விக்காம கடையிலேயே தங்கின சரக்கு இது. லுடி, நீதான் இதுக்கு ஒரு வாசனை குடுக்கணும்" என்றாராம்.

அவள் ஒரு விஷயத்தில் கறார். பொய் எழுத மாட்டாள். சோப்பு விளம்பரத்தில் 'கறை போகும்' என்று எழுதினால் போகிறது என்பதற்குப் பரிசோதனைக்கூடத்தின் தாள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளம்பரங்களைச் சரிபார்க்கும் குழு ஒளிபரப்ப விடாது. அந்தப் பழக்கத்தில் அவள் சார் போன்சோவிடம், "இவருக்கு எந்தத் தாளைக் குடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார். "ஆளுக்கு எவன் கேக்கறான்? சரிபார்க்கிறதெல்லாம் சோப்புக்குத்தாம்மா."

யாரும் கேட்காவிட்டாலும் அவளாகச் சரிபார்த்தாள். அதற்குத்தான் அந்தப் போன்.

விளம்பரம் அரை நிமிஷம். தண்ணீர். ஒரு கூரை. மழைக்குள் ஒரு தட்டைப்படகு. கழியை ஊன்றித் தள்ளுகிறவனின் முதுகு மட்டும். கூரையிலிருந்து நீளும் கை, படகிலிருந்து நீளும் கை. பிறகு ஒரு குரல்: "தண்ணீர் வந்தது. எங்கள் படகு வந்தது." அடுத்து வெள்ளைச் சட்டையில் லியாந்த்ரோவின் முகம், அவர் பெயர். முடிந்தது.

இதில் எந்த வார்த்தை பொய்? நான் பலமுறை யோசித்துவிட்டேன். தண்ணீர் வந்தது நிஜம். வந்தது அவர்கள் படகுதான் என்பதும் நிஜம்.

"தெபான் மூஞ்சியை ஏன் காட்டலை?" என்று கேட்டேன்.

"ஷாம்புல கத்துக்கிட்டது கூயா. பொண்ணோட மூஞ்சியைக் காட்டினா அது அந்த நடிகையோட முடி. பின்னாலேர்ந்து முடியை மட்டும் காட்டினா, பாக்கறவ அது தன்னோடதுன்னு நெனைப்பா. படகுக்காரனுக்கு மூஞ்சி இல்லேன்னா, ஒவ்வொருத்தரும் தனக்கு ஒதவி பண்ணினவனை அதுல வெச்சுப் பாப்பாங்க."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். நானும் நம்பினேன், நன்றாக இருந்தது. அவள் கணக்கு ஓர் இடத்தில் தப்பியது. ஷாம்பு விளம்பரத்தில் முதுகுக்குப் பிறகு வருவது பாட்டில். இதில் முதுகுக்குப் பிறகு வந்தது ஒரு முகம்.

லியாந்த்ரோ ஜெயித்தார். தேர்தலுக்குப் பின் கம்பெனி ஆட்கள் எங்கள் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய், எந்த விளம்பரம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார்கள். பொருள் விற்ற பிறகு வழக்கமாகக் கேட்பதுதான். பாதிப் பேருக்கு மேல் விளம்பரத்தைச் சொல்லவில்லை, வெள்ளத்தைச் சொன்னார்கள். "அவர்தான் படகு தள்ளிக்கிட்டு வந்தாரு." "என் தம்பியைத் தூக்கி விட்டதே அவருதான்." சார் போன்சோ அன்று எல்லோருக்கும் வறுத்த பன்றி வரவழைத்து விருந்து வைத்தார். லுடி தட்டைத் தொடாமல் அந்தப் பதில்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் பேச்சுக்கொடுத்தாள்.

"நானாய், வெள்ளத்துல உன்னைத் தூக்கினது யாரு?"

"லியாந்த்ரோதான். இது என்ன கேள்வி?"

"தெபான் இல்லையா?"

"தெபானும் அங்கதான் எங்கியோ இருந்தான். கழி புடிச்சுக்கிட்டு இருந்தான். கை குடுத்தது லியாந்த்ரோ. மெத்துன்னு இருந்துச்சு கை. பெரிய வீட்டுக் கை."

நான், "நானாய், நான் உன் பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன்.

"நீ அன்னிக்குப் பயந்து கண்ணை மூடிக்கிட்டு இருந்தே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் கண்ணை மூடவில்லை.

அடுத்து நடந்தவை ஒவ்வொன்றும் நல்ல காரியமாகத்தான் வந்தன. லுடியின் மகனுக்கு ஞானஸ்நானம் என்று கேள்விப்பட்ட லியாந்த்ரோ, கம்பெனி அறையில் எல்லோருக்கும் முன்னால், "உன் பையனுக்கு நான்தான் ஞானத்தகப்பன். வேற யாரையாவது கூப்பிட்டே, எனக்குக் கோவம் வரும்" என்றார். அவளுடைய புருஷன் கப்பல் வேலையில் வெளிநாட்டில் இருந்தான். அறையில் எல்லோரும் கை தட்டுகிறார்கள். மாட்டேன் என்று யார் சொல்ல முடியும்? அன்றிலிருந்து அவர் அவளை "மாரே" என்றுதான் கூப்பிட்டார். அடுத்த வருஷம் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். லியாந்த்ரோவின் அலுவலகம் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் ஒரு கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதம் இருக்கும்வரை எங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அம்மா அதை மாதாவின் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்துப் போவாள்.

தெபான் சும்மா இருந்தவன்தான். சலூனில் டிவியில் அந்த விளம்பரம் மறுபடி ஓடியபோது வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"அந்த முதுகு நான்தான்."

முடி வெட்டுகிறவன் கத்திரியை நிறுத்தினான். "என்னது?"

"படகைக் கொண்டுவந்தது நான்."

"அப்படியா. நெலாவுக்குப் போன ராக்கெட்டை ஓட்டினது எங்க மாமா."

சலூன் முழுக்கச் சிரிப்பு. மூலையில் உட்கார்ந்திருந்தவன், "விடுங்கப்பா, படகு திருடின விஷயத்துல அவருக்கு அனுபவம் இருக்கு" என்றான். தெபான் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்விட்டான். மீதியை நான்தான் வெட்டிவிட்டேன்.

2010இல் லியாந்த்ரோ மாகாணக் கவர்னர் பதவிக்குத் தேர்தலில் நின்றார். அந்தத் தேர்தலுக்கு வேலை செய்ய மாட்டேன் என்று லுடி சொல்லிப் பார்த்தாள். சார் போன்சோ கோபப்படவில்லை.

"போ. யாரு உன்னைக் கட்டி வெச்சிருக்கா? ஆனா ஒண்ணு. கட்சிக்காரங்க இந்தத் தடவை படகுல அவர் மூஞ்சியையே காட்டச் சொல்றாங்க. நீ இருந்தா முதுகோட நிறுத்திடுவே. நீ போயிட்டா நிறுத்த ஆள் இல்லை."

அதனால் இருந்தாள். இருக்க இருக்க இன்னும் உள்ளேதான் போனாள். முதுகைக் காப்பாற்றியதற்குப் பதிலாகச் சாட்சி கேட்டார்கள். வெள்ளத்தில் தப்பிய ஒரு வயதான பெண், நடிகை அல்ல, நிஜமானவள், தன் வாயால் பேச வேண்டும். ஊரில் நாலைந்து பேரைப் பேசவைத்துப் படம் பிடித்துப் போனார்கள். மணிலாவில் போட்டுப் பார்த்து எல்லோரும் ஒரே கிழவியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவள் லுடியின் தாய் என்பது தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தெரியாது.

படப்பிடிப்பு மார்ச் மாதம், அதே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் நடந்தது. கூரை மாதிரி ஒன்றைத் தண்ணீருக்கு நடுவில் கட்டியிருந்தார்கள். மழைக்குத் தீயணைப்பு வண்டி வந்திருந்தது. ஐஸ்பெட்டியைக் கவனிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். லுடி கரையில் குடை பிடித்து நின்றாள். தட்டைப்படகு தள்ளத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று அன்று காலையில் ஆற்றங்கரையில் ஆள் பிடித்திருக்கிறார்கள். படகு கரைக்கு வந்தபோதுதான் பார்த்தோம். தெபான்.

லுடி படம் எடுக்கிறவரிடம் ஓடினாள். "இவரு வேண்டாம். வேற ஆளை வெச்சுக்கலாம்."

"ஏன்? முதுகு சூப்பரா இருக்கு."

தெபான் அவளைப் பார்த்து, "விடும்மா லுடி. ஒருநா கூலி. மணலை விட இது லேசு" என்றான்.

படகில் அவனுக்கு முன்னால் லியாந்த்ரோ நின்றார், வெள்ளைச் சட்டையோடு. படகு கூரையை நெருங்கும்வரை இருவரின் முதுகும் மட்டும் தெரியும், கூரையைத் தொட்டதும் லியாந்த்ரோ ஒருமுறை திரும்புவார் என்று கட்சிக்காரர்கள் அன்று காலையில் மாற்றியிருந்தார்கள். தீயணைப்பு வண்டி மழையை விட்டது. தெபான் கழியை ஊன்றினான். கூரைமேல் இருந்த அம்மாவைப் பார்க்கத் தலையைத் திருப்பினான்.

ஒலிபெருக்கி கத்தியது. "படகுக்காரரே, மூஞ்சியைத் திருப்பாதீங்க. உங்களை யாரும் பாக்கக் கூடாது."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி திரும்பினான். வேண்டுமென்றே செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கூரையில் ஆள் இருந்தால் எப்படித் திரும்பாமல் இருப்பது?

கூரைமேலிருந்து அம்மா சத்தம் போட்டாள். "ஏப்பா படகுக்காரா, ஒழுங்காப் புடி. அவரைக் கவுத்துடாதே."

தெபான் மூன்றாவது தடவை திரும்பவில்லை. அம்மா கையை நீட்டினாள், லியாந்த்ரோ பிடித்தார், அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. "இதே கைதான். நான் மறக்கலை" என்றாள். எழுதிக்கொடுத்த வசனத்தில் அது இல்லை. படம் எடுத்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுபடி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

கூலி வாங்கியபின் தெபான் லுடியிடம் வந்தான். அவன் சண்டை போடவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"லுடி, நீ படிச்ச பொண்ணு. ஒண்ணு சொல்லு. படகை அவங்கதான் அனுப்பினாங்கன்னா, நான் திருடன் இல்லை. நான் திருடினேன்னா, அவங்க அனுப்பலை. இதுல ஒண்ணுதானே நெஜமா இருக்க முடியும்?"

"ஆமா, கூயா தெபான்."

"அப்ப ஏன் ரெண்டும் எனக்கு எதிராவே நிக்குது? என் பேத்தி பள்ளிக்கூடத்துல கதை சொல்லிட்டு வந்திருக்கா, தாத்தாதான் எல்லாரையும் காப்பாத்தினாருன்னு. டீச்சர் பொய் சொல்லாதேன்னு பெஞ்சு மேல ஏத்திட்டாங்க. எனக்குப் பெருமை வேண்டாம். அந்தப் புள்ளை பெஞ்சுலேர்ந்து எறங்கணும்."

இதற்குப் பிறகு லுடி மணிலாவுக்குத் திரும்பவில்லை. ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

முதலில் லியாந்த்ரோவிடம் போனாள், நானும் கூடப் போனேன். அவர் எங்களை உட்காரவைத்துப் பப்பாளி வெட்டிக் கொடுக்கச் சொன்னார். அவர் கெட்டவர் என்று நான் எழுதினால் அது சரியாக இருக்காது.

"மாரே, நான் சொல்லாமலா இருந்தேன்? மொத வருஷம் ஒவ்வொரு கூட்டத்துலயும் சொன்னேன், அது நான் இல்லை, எங்க காவல்காரன்னு. என்ன ஆச்சு தெரியுமா? 'பாரு, செஞ்சதைக்கூடச் சொல்லிக்க மாட்டேங்கறாரு, எவ்வளவு அடக்கம்'னு இன்னும் நாலு பேரு என் கையில முத்தம் குடுத்தாங்க. இப்பச் சொன்னாலும் அதேதான். நான் மறுக்க மறுக்க ஓட்டு ஏறும். நீதானே செஞ்சே? நீயே சொல்லு, நான் எப்படி எறங்கறது?"

"கூயா தெபானைப் பக்கத்துல நிறுத்திச் சொல்லுங்க."

"அப்பாவைத் திருட்டுப் புகார் குடுத்தவர்னு சொல்லணும். அவர் இன்னும் உயிரோட இருக்கார், மாரே." பப்பாளித் தட்டை எங்கள் பக்கம் தள்ளி, "நானாய்க்கு இப்ப எப்படி இருக்கு? கடிதம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். மிரட்டினாரா, அக்கறையாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வெளியே வந்ததும் லுடி, "ரெண்டும்தான்" என்றாள்.

பிறகு நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். மார்க்கெட்டில் மீன்காரிகள் நடுவில் நின்று, கூரையில் இருந்தவன் என்ற முறையில், நடந்ததைச் சொன்னேன்.

பெரிய மீன்காரி கத்தியைத் துடைத்தபடி கேட்டாள். "சேயோங், எதிராளி எவ்வளவு குடுத்தான்?"

"யாரும் குடுக்கலை."

"அப்ப நீ ஏமாந்துட்டே. போன வாரம் இதே மாதிரி கெளப்பிவிட்டவனுக்கு ஒரு மூட்டை அரிசி கெடைச்சுதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் அன்றே என் கடைக்கு வந்து, இதைத் துண்டுப் பிரசுரமாக அடித்துத் தருகிறேன், பெயர் போடாமல் ஊர் முழுக்க ஒட்டலாம் என்றான். அவனை அனுப்பிவிட்டேன்.

இதை லுடியிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "கூயா, நீ சொன்னா எதிராளி விளம்பரம். தெபான் சொன்னாப் பொறாமை. அவரே சொன்னா அடக்கம். பேர் போடாத நோட்டீஸை எந்தக் கட்சி அடிச்சதுன்னுதான் கேப்பாங்க. தேர்தல் நேரத்துல நெஜம்கூட யாரோ ஒருத்தரோட சரக்குதான்."

"அப்ப வழியே இல்லையா?"

"அந்த முதுகை வெச்சவ சொன்னா, அதை எந்தப் பக்கம் சேப்பாங்க?"

எனக்குப் புரிந்தது. பயமாகவும் இருந்தது. அவள் சொன்னால் கம்பெனியில் வேலை போகும். வேறு கம்பெனியும் எடுக்காது. வாடிக்கைக்காரரைக் காட்டிக்கொடுத்தவளை யார் வைத்துக்கொள்வார்கள்? பிள்ளையின் ஞானத்தகப்பன் முகத்தில் முழிக்க முடியாது. எல்லாவற்றையும் விட, அந்தக் கடிதம் நிற்கும்.

"ஃப்ரிட்ஜ் ரிப்பேர்ல ரத்தம் சுத்தம் பண்ண முடியாது, லுடி" என்றேன்.

"தெரியும். என் மணிலா வீட்டை வித்தா கொஞ்ச நாள் ஓடும். அதுக்கப்பறம் எனக்குத் தெரியாது."

அம்மாவிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்றாள். ஒரு மத்தியானம், டயாலிசிஸ் முடிந்து வீடு வந்து படுத்திருந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"நானாய், நான் ஒண்ணு எழுதப்போறேன். உன்னைத் தூக்கினது தெபான்னு."

அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "நீ கூரையில இருந்தியா?"

"இல்லை."

"நான் இருந்தேன்."

"நானாய், உனக்கு அப்படி ஞாபகம் இருக்கறதே நான் எழுதினதாலதான். அந்தப் படத்தை வெச்சது நான்."

"நீயா என் ஞாபகத்தை எழுதினே? நான் பெத்தவடீ நீ." அம்மா எழுந்து உட்கார முயன்றாள். "அவரு குடுக்கற கடிதத்துல உசுரு வெச்சிருக்கேன். ஊரு முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கப்போறே, அப்படித்தானே?"

"நீ பொய்க்காரி இல்லைன்னும் எழுதறேன்."

"எழுது, எழுது. உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு லுடியிடம் அவள் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட என்னிடம்தான் கேட்டாள். லுடி அந்த அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். வாசலில் கட்சி ஆட்கள் ஒட்டியிருந்த சுவரொட்டியில் அம்மாவும் லியாந்த்ரோவும் கை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் அவள் செய்ததே அவளை மறித்தது.

இதற்கு ஒரு வழி கிடைத்த பிறகு அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள் என்று யாராவது நினைத்தால் அது தவறு. வழி கிடைக்கவில்லை. கிடைக்காமலேயே செய்தாள்.

எங்கள் மாகாணத்தில் வாரப் பத்திரிகை ஒன்று வரும். அதன் அலுவலகம் மாதா கோவிலுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. லுடி ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். இவ்வளவு பெரிய தலைவி, விளம்பரம் கொடுக்கிற சாதாரண ஆட்களின் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர் காணாமல்போன எருமைக்கு விளம்பரம் கொடுத்தார்.

எழுதியிருந்தது இது: "1995 வெள்ளத்தில் படகு தள்ளியவர் எஸ்தேபான் லக்சமானா. யாரும் அவரை அனுப்பவில்லை. மக்களைக் காப்பாற்றப் பூட்டை உடைத்தார். அது திருட்டு இல்லை. விளம்பரத்தில் அவர் முகத்தை மறைத்தது நான். ஆளை மாற்றிப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. அப்படிப் பார்க்கும்படி செய்தது நான்."

மேஜைக்காரர் இரண்டு முறை படித்தார். "இது தேர்தல் விளம்பரமால்ல ஆவும்?"

"ஆமா."

"அப்ப பணம் குடுத்தவங்க பேரும் விலாசமும் அடியில போடணும். சட்டம். எந்தக் கட்சின்னு போடட்டும்?"

"கட்சி இல்லை."

"ஏதாவது சங்கம்? 'அக்கறையுள்ள குடிமக்கள்'னு போட்டுக்கலாம், நெறையப் பேர் அப்படித்தான் போடறாங்க. யாரும் வந்து பாக்கறதில்லை."

"வேண்டாம். என் பேரு."

அவர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "அப்ப நீங்களே எழுதிடுங்க. கையெழுத்தை அப்படியே அச்சு எடுத்துப் போட்டுடறேன். யோசிச்சுக்குங்கம்மா, அச்சுக்குப் போயிட்டா திரும்ப வாங்க முடியாது."

பதினோரு வருஷம் விளம்பரம் எழுதியவள். சோயா சாஸ், ஷாம்பு, சோப்பு, பால் பவுடர், ஒரு மக்களவை உறுப்பினர். அவள் எழுதியதை நாடே வாயில் போட்டு மென்றது. அதில் எதற்குக் கீழேயும் எழுதியவரின் பெயர் இருந்ததில்லை. அந்தத் தொழிலில் அப்படித்தான். நான் கடையில் வருகிறவர்களிடமெல்லாம், 'இது என் தங்கச்சி எழுதினது' என்று சொல்லுவேன், பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். விலாசத்துக்கு மணிலா வீட்டை எழுதுவாள் என்று நினைத்தேன். சாந்தா உர்சுலாவில் அம்மா படுத்திருக்கும் வீட்டை எழுதினாள். அதற்கு மேலே, நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல், லுடிவினா மனலஸ்தாஸ் என்று கையெழுத்துப் போட்டாள்.

தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு, 2010 மே 5, புதன்கிழமை.